எச்சரிக்கை ஏட்டின் தொண்டை

போலீசுக்கு ஆள் எடுத்த மைதானத்தில், ஓட்டத்தில் நான் கடைசிக்கு முந்தின ஆள். எனக்குப் பின்னால் வந்தவருக்குக் கால் சுளுக்கியிருந்தது. நீளம் தாண்டச் சொன்னார்கள். மணல் தொட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிட்டேன். கயிறு ஏறச் சொன்னார்கள். கயிறும் தொங்கியது, நானும் தொங்கினேன், இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். ஆனால் பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன் ஐயா" என்று நான் போட்ட சத்தத்தில், மைதானத்தின் அந்தக் கோடியில் நாற்காலியில் சாய்ந்திருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருய்யா அவன்? அவனை எடுத்துக்கோ" என்றார்.

என் உத்தியோகத்துக்கு நான் கொண்டுவந்த ஒரே தகுதி அந்தத் தொண்டைதான். அதற்குக் கீழே இருந்த உடம்பைத் துறை சும்மா சேர்த்து எடுத்துக்கொண்டது.

சில வருடம் ஸ்டேஷன் வாசலில் காவல் நின்றேன். பிறகு கூட்டங்களைக் கலைக்கும் படையில் போட்டார்கள். அங்கே எனக்கென்று ஒரு வேலை இருந்தது. ஒரு கூட்டத்தைப் பலம் கொண்டு கலைக்க வேண்டுமானால், சட்டப்படி அதற்கு முன்னால் மூன்று முறை எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கை கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் லத்தியை ஓங்கினால் பிற்பாடு கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த எச்சரிக்கையைக் கொடுக்கும் ஏட்டு நான். கேடயக்காரர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். லத்திக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால். இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குப் பக்கத்தில், ஓட வசதியாக. நான் மட்டும் வேனின் கூரைமேல், கையில் ஒலிபெருக்கியோடு, பஸ்ஸில் ஏற்றி இறக்க மறந்த மூட்டையைப் போல.

"இது சட்டவிரோதமான கூட்டம். உடனே கலைந்து செல்லுங்கள். தவறினால் பலம் பிரயோகிக்கப்படும்."

இவ்வளவுதான் மொத்தமும். ஆனால் இதை நான் சும்மா சொல்லமாட்டேன். "சட்டவிரோதமான" என்ற இடத்தில் கொஞ்சம் இழுப்பேன். "உடனே" என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுவேன். "பிரயோகிக்கப்படும்" என்பதைப் படிப்படியாக இறக்கி, கடைசி எழுத்தில் உதட்டை மூடி நிறுத்துவேன். கூட்டம் கலைவது லத்திக்குப் பயந்து என்று மற்றவர்கள் நினைத்தார்கள். என் உச்சரிப்புக்காகத்தான் என்று நான் நினைத்தேன்.

என் மனைவி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஒரு வகுப்புக் குழந்தைகளைப் புருவத்தாலேயே உட்காரவைப்பவள். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

"ஏங்க, உப்பு வேணும்னா உப்புன்னு கேளுங்க. கூட்டத்தைக் கலைக்கிற மாதிரி கேக்காதீங்க. நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்" என்பாள்.

எங்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழக வாசலில்தான் பந்தோபஸ்து. அந்த மாணவர்களுக்கு வருடத்துக்கு ஒரு கோரிக்கையாவது இருக்கும். முதலில் எல்லாம் சுலபமாக இருந்தது. அவர்கள் கோஷம் போடுவார்கள், நான் மூன்று முறை சொல்வேன், கேடயக்காரர்கள் ஓரடி முன்னால் வைப்பார்கள், அவர்கள் ஓடிவிடுவார்கள். நான் ஏதோ மந்திரம் கற்றவன்போல வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்காருவேன்.

பிறகு அவர்கள் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். முழங்கையோடு முழங்கை கோத்துத் தெருவில் உட்கார்ந்தார்கள். பிரித்துத் தூக்கினால் உடம்பைத் தளரவிட்டுவிடுவார்கள். எங்கள் படையில் கேடயம் என்று ஒருவன் இருந்தான். ஆளே கதவு அகலம், அதனால் அந்தப் பெயர். அவன் என்னிடம் வந்து புலம்புவான்.

"அண்ணே, திமிறினா தூக்கிரலாம். இவனுங்க சிமெண்ட் மூட்டை கணக்கா கிடக்கிறானுங்க. நேத்து ஒருத்தனை வேன் வரைக்கும் தூக்கிட்டுப் போறேன், கண்ணை மூடித் தூங்குறான். இறக்கி வெச்சதும் எந்திரிச்சு 'ரொம்ப தேங்க்ஸ்ணே'ன்றான். எனக்கு இடுப்பு போச்சு."

எங்கள் பக்கத்திலும் புதுப்புது ஏற்பாடுகள் வந்தன. நான்கு பக்கமும் தடுப்பு வைத்துக் கூட்டத்தை நடுவில் அடைத்துவிடுவது அதில் ஒன்று. அடைத்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் எனக்குச் சைகை காட்டுவார். நான் கூரைமேல் நின்று, "உடனே கலைந்து செல்லுங்கள்" என்பேன்.

ஒருநாள் அப்படிச் சொன்னதும் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியான பெண், முகத்தில் பாதிக்குக் கண்ணாடி. அவள்தான் அவர்களுக்கெல்லாம் தலைவி என்று எங்கள் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குள் அவளுக்குப் பெயர் கண்ணாடி.

"போறோம் ஏட்டய்யா. எந்தப் பக்கமா?" என்று கேட்டாள்.

நான் நான்கு பக்கமும் பார்த்தேன். நான்கு பக்கமும் எங்கள் ஆட்கள். என் மூன்று வாக்கியத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எனவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்ற சட்டத்தை அந்தப் பெண் எப்படியோ படித்துவிட்டாள். அதற்குப் பிறகு, நான் சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து "கேக்கலை!" என்று குரல் வரும். ஒலிபெருக்கியைத் திருகி மறுபடி சொல்வேன். கடைசி வரிசை எழுந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரும். "இப்பவும் கேக்கலை!" நான் இன்னும் அடித்தொண்டையிலிருந்து எடுப்பேன். ஒருநாள் கடைசி வரிசை தபாலாபீஸைத் தாண்டி, மூலை திரும்பி, அடுத்த தெருவுக்கே போய்விட்டது. அங்கேயும் எட்டவைத்தேன்.

"யோவ், உன்னை வெச்சு விளையாடுறாங்கய்யா!" என்று கீழேயிருந்து கத்தினார் இன்ஸ்பெக்டர்.

அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அடுத்த தெருவிலிருந்து "இப்ப கேட்டுச்சு!" என்று பதில் வந்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை அவருக்கு எப்படி விளக்குவது?

அன்றிலிருந்து நான் அவர்களுக்குக் "குழாய்". கொஞ்ச நாளில் என் எச்சரிக்கையை மனப்பாடம் செய்துகொண்டார்கள். நான் வாயைத் திறந்ததும் மொத்தக் கூட்டமும் என்னோடு சேர்ந்து சொல்லும். நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, மூச்சு விடும் இடத்தில் விட்டு, கடைசியில் எல்லா உதடும் ஒன்றாக மூடும். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று கேடயம் பல்லைக் கடித்தான். உண்மையைச் சொன்னால் எனக்குப் புல்லரித்தது.

இப்படி ஒருவரையொருவர் பழகிக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் விடுதி விவகாரம் வந்தது. பல்கலைக்கழகத்தின் பழைய விடுதியை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்த இடம் கட்டப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. படிக்கும் வருடத்தின் நடுவில், வேறு இடம் எதுவும் காட்டாமல். விடுதிப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் தெருவில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இந்த முறை கையில் காலி எண்ணெய்த் தகரங்கள். ஒருவன் ஆரம்பித்தால் எல்லாரும் தட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவன் தும்மினால் தெரியாது. ஆரம்பித்து வைப்பவன் சுருட்டை முடிக்காரன் ஒருவன். அவன் மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றித் தட்டுவதைப் பார்த்தால் எங்கள் ஆட்களே காலால் தாளம் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் கலைச்சே ஆகணும்னு மேலிடத்து உத்தரவு. உன் சத்தம் அந்த டின் சத்தத்துக்கு மேல கேக்கணும். முடியுமா?"

"அதுக்குத்தானே ஐயா இருக்கேன்" என்றேன். இந்த வாய்தான்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு மாடிக்குப் போனேன். அங்கே குடியிருப்புக்கே தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒன்று உண்டு. ஓடினால் சுவரே அதிரும். அதைப் போட்டுவிட்டு அதன் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்கிறதா என்று பயிற்சி எடுத்தேன். எதிர் மாடியில் ஒருவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இரண்டாவது எச்சரிக்கையிலேயே துணியைப் போட்டது போட்டபடி இறங்கிப் போய்விட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொட்டி நிரம்பி வழியும்வரை கத்தினேன். பிறகு கீழே வந்து, வியர்வையோடு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

"தொண்டை சூடா இருக்கிறப்ப ஐஸ் தண்ணி குடிக்காதீங்க" என்றாள் என் மனைவி.

"ஒண்ணும் ஆகாது. இது இரும்புத் தொண்டை."

மறுநாள் காலை எழுந்து, காபி கொடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது. திரும்பவும் முயன்றேன். பழைய சைக்கிளில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் தொண்டையைக் காட்டினேன். அவள் சமையலறைக்குள் திரும்பிப் போனாள். தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். தேன் விழுங்கினேன். வழியில் இருமல் மாத்திரை வாங்கிக் கன்னத்துக்கு ஒன்றாக அடக்கிக்கொண்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் இன்ஸ்பெக்டர் வேறு ஆளைப் போட்டிருப்பார். ஆனால் என் இடத்தில் வேறு ஆளா? வேனின்மேல் ஏறிவிட்டால் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். பாட்டுக்காரர்களுக்கு மேடை ஏறியதும் வந்துவிடுவதில்லையா?

ஏறினேன். தகரச் சத்தம் காதை அடைத்தது. என்னைப் பார்த்ததும் கூட்டம் "குழாய்! குழாய்!" என்று கைதட்டியது. தகரங்கள் நின்றன. சேர்ந்து சொல்வதற்குத் தயாராக அத்தனை பேரும் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சுருட்டை முடிக்காரன் தட்டுகிற கையைத் தூக்கியபடி என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் சைகை காட்டினார். நான் ஒலிபெருக்கியை வாயில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். வரவில்லை.

"குழாய்ல தண்ணி வரலை!" என்று எவனோ கத்தினான். தெருவே சிரித்தது. தகரங்கள் மறுபடி முழங்க ஆரம்பித்தன.

"என்னய்யா பண்றே? சொல்லித் தொலை!" என்று ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. நான் மூன்றாவது முறையும் வைத்துப் பார்த்தேன். பிறகு ஒலிபெருக்கியைக் கீழே இறக்கி, முடியாது என்று அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, கையைத் தொண்டையில் வைத்துக் காட்டினேன். அவர் வேனின் ஏணியில் பாதி ஏறி என் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். ஏதோ பொத்தானை அழுத்தினார். அது நாய் ஊளையிடுவதுபோல ஒரு கூச்சல் போட்டுவிட்டு ஓய்ந்துவிட்டது. அவர் அதைத் தூக்கி ஜீப்பில் எறிந்துவிட்டு, கையை முன்னால் வீசினார்.

வரிசை நகர்ந்தது.

கீழே இருந்தவர்கள் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் பார்த்திருப்பார்கள். மேலே நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது. பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுவதற்குள் கேடயங்கள் மேலே வந்துவிட்டன. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை, இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தாள். அவள் கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். சுருட்டை முடிக்காரன் கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். லத்தி அவன் கையில் இறங்கியபோது அவன் முகத்தில் சிரிப்பு முழுதாகப் போயிருக்கவில்லை.

நான் யாரையும் அடிக்கவில்லை. யாரையும் தடுக்கவும் இல்லை. வேனின்மேல் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

தொண்டை சரியாக ஒரு வாரம் ஆயிற்று. வீட்டில் கிடந்த அந்த ஒரு வாரத்தில், எனக்குத் தெரியாமலே நான் பெரிய மனிதனாகிவிட்டேன்.

நடந்தது இதுதான். மாணவர்களில் யாரோ செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தான். தகரச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. படத்தில் தெரிந்தது என்னவென்றால், ஏட்டு ஒலிபெருக்கியை இறக்குகிறார், அதிகாரியைப் பார்த்து முடியாது என்று தலையாட்டுகிறார், கையை நெஞ்சில் வைக்கிறார், அதிகாரி கோபத்தில் ஒலிபெருக்கியைப் பிடுங்குகிறார். தொண்டைக்கும் நெஞ்சுக்கும் உள்ள தூரம் கீழேயிருந்து பார்த்தால் தெரியாது போலிருக்கிறது. பல்கலைக்கழக மதில் சுவரில் என் முகத்தை வரைந்துவிட்டார்கள். கேடயம் வந்து சொன்னான்.

"அண்ணே, உங்க மூக்கை நல்லா வரைஞ்சிருக்காங்க. கீழ 'மறுத்த மனிதர்'னு எழுதியிருக்கு. நெசமாவே மறுத்தீங்களாண்ணே?"

எனக்கு இன்னும் பேச்சு வராததால் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கேடயம் ஊரெல்லாம் கொண்டுபோனான்.

அதே படத்தைத் துறையும் பார்த்தது. துறைக்கு அதில் வேறொன்று தெரிந்தது: ஏட்டு மூன்று முறை ஒலிபெருக்கியை வாயில் வைக்கிறார், மூன்று முறையும் வாய் திறக்கிறது. ஆகவே எச்சரிக்கை முறைப்படி கொடுக்கப்பட்டது. கேட்டும் கலையாமல் இருந்ததற்காகப் பிடிபட்ட மாணவர்கள்மேல் வழக்கு. தண்டனை வந்தால் அவர்களுக்குப் பட்டம் கிடையாது.

வேலைக்குத் திரும்பிய அன்று இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். "நீ சொன்னே. மூணு தரம் சொன்னே. கேட்டுச்சு. கோர்ட்ல இதைத்தான் சொல்லப்போறே. என்ன?"

"சரிங்கய்யா."

அந்த வாரமே, எங்கள் குடியிருப்பு வாசல் டீக்கடையில் கண்ணாடி எனக்காகக் காத்திருந்தாள். புதுக் கண்ணாடி. நெற்றியில் தையல்.

"ஏட்டய்யா, நன்றி சொல்லணும்னு வந்தேன். நீங்க மாட்டேன்னு சொன்னது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? உங்களுக்கு இதனால ஏதும் கஷ்டம் வருமா?"

தொண்டை கட்டிக்கொண்டதம்மா என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் ஒரு பெண்பிள்ளை நம்மைப் பார்த்துக் கண் கலங்கும்போது, இருமல் மாத்திரையைப் பற்றியா பேசுவது? குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு, "பரவால்லம்மா" என்றேன். அந்தப் "பரவால்லம்மா"வைச் சொல்லும்போது என் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. சுவரில் வரைந்திருந்த படத்திலும் அப்படித்தான் சாய்ந்திருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் என் மனைவியிடம் சொன்னேன். அவள் குழந்தைகளின் கையெழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொன்னீங்களா?"

"சந்தர்ப்பம் வரலை."

"இன்ஸ்பெக்டர்கிட்ட?"

"அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கச் சொல்றாரு."

"ஒரே தொண்டைக்கு ரெண்டு கதை" என்றாள், தலை நிமிராமல். "கோர்ட்டுக்கு எதை எடுத்துட்டுப் போறீங்க?"

நான் எதையும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்வது என் வேலையாக என்றைக்கும் இருந்ததில்லை. எழுதிக் கொடுத்ததைச் சொல்வதுதான் வேலை.

வழக்கு நாளன்று கோர்ட் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் மாணவர்கள், இன்னொரு பக்கம் எங்கள் ஆட்கள். நான் கூண்டில் ஏறியதும் மாணவர்கள் பக்கம் ஒரு சலசலப்பு. சிலர் எழுந்தே நின்றார்கள். மாஜிஸ்ட்ரேட் வயதான அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்கள். அரசு வக்கீல் கேட்டார்.

"எச்சரிக்கை கொடுத்தீங்களா?"

"ஒலிபெருக்கியை வாயில வெச்சேங்க."

"மூணு தரமா?"

"மூணு தரமும் வெச்சேங்க."

பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது. இப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

மாணவர்களின் வக்கீல் எழுந்தார். படத்தைப் போட்டுக் காட்டினார். அன்று அங்கிருந்த கடைக்காரர்கள் உட்பட ஒருவருக்கும் எச்சரிக்கை காதில் விழவில்லை என்று வாதாடினார். மாஜிஸ்ட்ரேட் யோசனையோடு தலையசைத்தார். அப்போது அரசு வக்கீல், எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, எழுந்தார்.

"அம்மா, சாட்சிக்கு வயசாகுது. அவர் குரலும் இயல்பாவே கொஞ்சம் மெல்லிசான குரல். அதனால சிலருக்குக் கேட்காம போயிருக்கலாம். அதுக்காகக் கொடுக்கவே இல்லைன்னு ஆயிடுமா?"

"மெல்லிசா?" என்றேன்.

நான் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டேன். குமாஸ்தாவின் கையிலிருந்து பேனா விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. வராந்தாவில் வேறு வழக்குக்காகக் காத்திருந்தவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கா மெல்லிசான குரல்? அடுத்த தெருவுல உக்காந்திருந்தவங்களுக்குக் கேட்டிருக்குங்கம்மா! அந்தப் பொண்ணையே கேளுங்க! இதோ உக்காந்திருக்கு!"

"சத்தத்தைக் குறைங்க" என்றார் மாஜிஸ்ட்ரேட். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தக் குரல்ல சொல்லியா அன்னைக்கு யாருக்கும் கேக்கலை?"

"இந்தக் குரல் அன்னைக்கு இல்லீங்கம்மா."

சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மாஜிஸ்ட்ரேட். "நீங்க சொல்றது பதிவாகும். எச்சரிக்கை கேக்கிற மாதிரி கொடுக்கப்பட்டதா, இல்லையா?"

அப்போதும் திரும்பியிருக்கலாம். குரல் கொஞ்சம் கம்மியாக இருந்தது, ஆனால் கேட்டிருக்கும் என்று சொல்லியிருந்தால், உத்தியோகமும் தப்பியிருக்கும், குரலின் மானமும் பாதி தப்பியிருக்கும். நான் மாணவர்கள் பக்கம் பார்த்தேன். சுருட்டை முடிக்காரன் இரண்டாவது வரிசையில், கையில் கட்டோடு. கலைந்து போ என்று அன்றைக்கு அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று கையைத் தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான். அதைச் சொல்வதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள் நான் ஒருவன்தான்.

"இல்லீங்கம்மா" என்றேன். "காத்துதான் வந்துச்சு."

மாணவர்களின் வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குரலைத் தழதழக்கவைத்துக்கொண்டு, "நிராயுதபாணிப் பிள்ளைங்கமேல தடியடி நடத்த உங்க மனசாட்சி இடம் கொடுக்கலை. அதனால மறுத்தீங்க. அப்படித்தானே?" என்று கேட்டார்.

அத்தனை மாணவர்களும் என்னையே பார்த்தார்கள். சுவரில் என் படம் இன்னும் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இல்லீங்க. முந்தின நாள் மாடியில மோட்டாரைப் போட்டுட்டு கத்திப் பாத்தேங்க. அதுக்கு மேல ஐஸ் தண்ணி குடிச்சிட்டேன். வீட்டுல வேணாம்னுதான் சொன்னாங்க."

முதலில் குமாஸ்தாதான் சிரித்தார். பிறகு மொத்தக் கோர்ட்டும். எங்கள் ஆட்கள், அவர்கள் ஆட்கள் என்ற பேதம் இல்லாமல் சிரித்தார்கள். கேடயம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணாடி முதலில் என்னை நம்பமுடியாமல் பார்த்தாள். அவளுக்கு டீக்கடை ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. பிறகு உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மாஜிஸ்ட்ரேட் மேஜையைத் தட்டினார், ஆனால் அவர் முகமும் ஒழுங்கில் இல்லை.

அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். வழக்கு தள்ளுபடியானது.

வெளியே இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஏன்யா, அன்னைக்குக் காலையிலேயே தொண்டை சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் போட்டிருப்பேன்ல?" என்றார். அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த வருடமே அங்கே அவருக்குப் பதவி உயர்வு வந்தது. என்மேல் விசாரணை வைத்தார்கள். உடல்நலக் குறைவை மேலதிகாரிக்குத் தெரிவிக்காமல் பணியில் ஈடுபட்டது என்று குற்றச்சாட்டு. அதை மறுக்க வழியே இல்லை. பிடிபட்ட வண்டிகளை நிறுத்திவைக்கும் மைதானத்துக்கு என்னை மாற்றினார்கள். துருப்பிடித்த ஸ்கூட்டர்களுக்கு எச்சரிக்கை தேவைப்படாது என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

என் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒரு பெட்டி வந்தது. பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த குரல் தானாக மூன்று முறை சொல்லுமாம். ஒருநாள் விடுப்பில் போய்த் தூரத்தில் நின்று கேட்டேன். இழுப்பும் கிடையாது, மூச்சும் கிடையாது. ரயில் வருகிறது என்பதுபோலச் சொன்னது. மாணவர்கள் அதற்கு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விடுதியை அந்த வருடம் இடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, விடுமுறையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து இடித்துவிட்டார்கள். எச்சரிக்கை கொடுக்க அங்கே கூட்டமே இல்லை.

கண்ணாடியை அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தேன். வேறொரு ஊர்வலத்தில் அவள் ஸ்கூட்டரைப் பிடித்துவைத்திருந்தார்கள், எடுக்க வந்தாள்.

"சுவர்ல இருந்த படத்தை அழிச்சிட்டோம் ஏட்டய்யா" என்றாள்.

"நல்லது."

"சில பேருக்கு உங்கமேல இன்னும் கோவம். ஏமாத்திட்டாருன்றாங்க."

"உனக்கு?"

"எனக்கு டீக்கடை விஷயத்துல கோவம்தான்." வண்டியின் தூசியைத் துப்பட்டாவால் தட்டினாள். "ஆனா பட்டம் வாங்கிட்டேன்."

"அந்தச் சுருட்டை முடிப் பையன் எப்படி இருக்கான்?"

"வேலைக்குப் போறான். கை எழுதுது. ஆனா மணிக்கட்டு முன்ன மாதிரி திரும்பலை. தாளம் போட முடியலை."

நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவள் வண்டியை உதைத்தாள். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த வண்டி, கிளம்பவில்லை. நான் பின்னால் போய்த் தள்ளினேன். ஓட்டத்தில் கடைசிக்கு முந்தின ஆள் என்று சொன்னேன் அல்லவா. வாசல்வரை தள்ளுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வண்டி இருமி, புகைவிட்டு, கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.